டயர் தட்டும் மாமா

விடியற்காலை நாலேகால் மணிக்கு எங்கள் தெருவில் ‘டப், டப்’ என்று சத்தம் கேட்டால் திருடன் என்று யாரும் பதறி எழுவதில்லை. எதிர்வீட்டு மாமா கைத்தடியால் கார் டயர்களைத் தட்டிப் பார்க்கிறார் என்று புரண்டு படுத்துக்கொள்வோம். யாருடைய கார் என்ற பேதமெல்லாம் அவருக்குக் கிடையாது. தெருவில் நின்றால் தட்டுவார். சத்தத்தை வைத்தே எந்தச் சக்கரத்தில் காற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவார். நாலையும் தட்டி முடித்த பிறகு குனிந்து ஐந்தாவதைத் தேடுவார். அவர் லாரி ஓட்டியவர்; லாரியின் பின்பக்கம் டயர்கள் ஜோடி ஜோடியாக ஓடும். உள்டயரில் காற்று இறங்கினால் வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, தட்டினால்தான் தெரியும். அந்த நாற்பது வருடப் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. என் காருக்கு உள்டயர் இல்லை என்பதை ஒவ்வொரு நாளும் புதிதாகக் கண்டுபிடித்து, ஒவ்வொரு நாளும் அதைக் கொஞ்சம் இளப்பமாகப் பார்ப்பார்.

நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரத்தில் பிறந்தவர்களுக்கு இந்த மனிதரை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தெருவுக்கு ஒருவராவது இருப்பார். சட்டைப் பையில் பாலிதீன் உறைக்குள் ஹெவி லைசென்ஸ் வைத்திருப்பார். வலது முழங்கை இடதைவிட இரண்டு மாற்றுக் கறுத்திருக்கும்; ஜன்னலில் ஊன்றி இந்தியாவின் வெயிலை முழுக்க வாங்கிய கை அது. இடது காது மந்தம், ஏனென்றால் கேபினுக்குள் எஞ்சின் இருந்தது அந்தப் பக்கம். எங்கள் மாமா எங்கே உட்கார்ந்தாலும் அத்தையை இடது பக்கமாகவே உட்கார வைப்பார். சாஸ்திரப்படி மனைவிக்கு இடப்பாகம் கொடுக்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை அவரைக் கல்யாணம் கட்டிக்கொண்டதே ஒரு வாகனக் குழப்பத்தால்தான். 1954-ல் டெல்கோ என்ற டாடா கம்பெனி ஜெர்மனியின் டைம்லர் பென்ஸோடு 15 வருட ஒப்பந்தம் போட்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. லாரியின் நெற்றியில் பென்ஸின் மூன்று முனை நட்சத்திரம் இருக்கும். 1969-ல் ஒப்பந்தம் முடிந்து நட்சத்திரம் போய் ‘டி’ எழுத்து வந்தது. டிரைவர்களின் வாயிலிருந்து மட்டும் பென்ஸ் போகவே இல்லை. பெண் பார்க்கப் போன தரகர், “பையன் பென்ஸ் ஓட்டறானுங்” என்றிருக்கிறார். ஈரோட்டில் படித்துக்கொண்டிருந்த அத்தையின் அண்ணன், பென்ஸ் என்றால் என்ன தெரியுமா என்று வீட்டையே வாய்பிளக்க வைத்துவிட்டார். கல்யாணம் முடிந்து வாசலில் வந்து நின்றது சிமெண்ட் மூட்டை இறக்கிவிட்டு வந்த லாரி. “கதவத் தொறந்து ஏறுன்னாரு. ஏணி வேணும்னேன்” என்று அத்தை இன்றைக்கும் சொல்வார். மாமா அந்தப் பேச்சு வரும்போது மட்டும் வலது காதும் கேட்காதவர் மாதிரி இருப்பார்.

டீக்கடையில் அவருக்கு ஜென்மப் பகையாளி ஒருவர் உண்டு. அவர் லேலண்ட் கட்சி. எம்.ஜி.ஆர்., சிவாஜி சண்டை ஓய்ந்துவிட்ட பிறகும் எங்கள் ஊரில் இந்தச் சண்டை ஓயவில்லை. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஆரம்பித்து, எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த கம்பெனி அது. 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அசோக் என்பது கம்பெனியை ஆரம்பித்த ரகுநந்தன் சரணின் மகன் பெயர்; லேலண்ட், இங்கிலாந்தில் லங்காஷயர்ப் பக்கத்து ஊர். “பேருல பாதி பையன், பாதி வெள்ளக்காரன் ஊரு. அப்படிப்பட்ட வண்டி எப்படி நேராப் போகும்?” என்பது மாமாவின் வாதம். “லேலண்டு கோமெட்டு இழுத்த லோடை உம்பட டாடா பாத்திருக்குமா?” என்பார் எதிர்க்கட்சி. “இழுத்துச்சு. நின்னு போனா சாமானுக்கு எங்க போறது? டாடாவுக்கு எந்தப் பட்டிக்காட்டுலயும் நட்டு போல்ட்டு கெடைக்கும்.” “கெட்டுப் போறதுக்குத்தான சாமான் வேணும்?” இந்த இடத்தில் டீ ஆறிவிடும். மூன்று அச்சு வண்டிக்கு லேலண்ட் வைத்த பேர் டாரஸ். இன்றைக்கு எந்தக் கம்பெனியின் பத்துச் சக்கர வண்டியையும் ஜனங்கள் டாரஸ் என்றுதான் சொல்கிறார்கள். மாமாவுக்கு இதில் உள்ளூர வருத்தம் உண்டு. அவர் பிடிவாதமாகப் ‘பத்து வீலு’ என்றே சொல்வார்.

அவர் வண்டியின் பேர் பன்னிரண்டு பத்து. பன்னிரண்டு என்றால் மொத்த எடை பன்னிரண்டு டன், பத்து என்றால் எஞ்சினுக்குச் சுமார் நூறு குதிரைச் சக்தி. இப்போது காலேஜுக்குப் போகும் பையன் ஓட்டுகிற காரிலேயே அவ்வளவு குதிரை இருக்கிறது. அந்த நூறு குதிரையைக் கட்டி ஆள்வதற்குப் பவர் ஸ்டீரிங் கிடையாது. நின்ற இடத்தில் ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டுமென்றால் சீட்டிலிருந்து அரை ஆள் எழுந்திருக்க வேண்டும். கியர் விஷயம் அதைவிட மோசம்.

கியர் என்றதும் மாமா எழுந்துவிடுவார். டீக்கடை பெஞ்சில் இடது காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாருடைய குடையையாவது கியர் ராடாகப் பிடித்துக்கொள்வார். அந்தக்கால கியர் பெட்டிக்குள் பற்சக்கரங்கள் ஒரே வேகத்தில் சுற்றினால்தான் ஒன்றையொன்று கவ்வும். இப்போது அந்த வேகத்தைச் சமன் செய்ய உள்ளேயே ஏற்பாடு இருக்கிறது. அப்போது அந்த ஏற்பாடு டிரைவரின் கால்தான். “கிளட்சை மிதி. நூட்ரலுக்கு வா. விடு. ஆக்சிலேட்டர ஒரு அமுக்கு அமுக்கு. மறுபடி மிதி. இப்பப் போடு கீழ் கியரு!” குடையின் சொந்தக்காரர் பதறுவார். இதற்குப் பேர் டபுள் கிளட்ச். கொஞ்சம் பிசகினால் ‘கர்ர்ர்’ என்று பல்லைக் கடிக்கும் சத்தம் பக்கத்து ஊர் வரைக்கும் கேட்கும். மூத்த டிரைவர் துண்டை முறுக்கி முதுகில் ஒன்று வைப்பார். “மேல் கியருக்கு எவன் வேணாலும் போயிருவான் கண்ணு. கீழ எறங்கறதுக்குத்தான் கணக்குத் தெரியோணும்” என்று மாமா ஒருநாள் தத்துவம் போலச் சொன்னார். பால் வாங்க வந்த அத்தை, “கணக்குத் தெரிஞ்சவர் கடன்காரன் வந்தப்ப எதுக்குங் பொறவாசல்ல எறங்குனீங்?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேரனின் கார் ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது. முதல் நாள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, “அப்ப எடது காலு எதுக்கு?” என்று உண்மையான கவலையோடு கேட்டார். முன்சீட்டில் அவரை உட்கார வைத்தால் வழி முழுக்கத் தன் இடது காலுக்கு வேலை கொடுத்துக்கொண்டே வருவார். அந்தப் பக்கத்து மிதியடி மட்டும் ஓட்டை விழுந்திருக்கிறது. தர்மபுரியிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கம் வந்தால் காரில் இருப்பவர்கள் காதைப் பொத்திக்கொள்வது நல்லது. “ஏறுற கியர்ல எறங்கு! ஏறுற கியர்ல எறங்கு!” மலையில் எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கையே நம்பி இறங்கினால் அது சூடேறிப் பாதி வழியில் கைவிட்டுவிடும். இந்த ஒரு விஷயத்தில் நான் மாமாவைக் கிண்டல் செய்வதில்லை. தொப்பூரில் கவிழ்ந்து கிடந்த லாரிகளை நானும் பார்த்திருக்கிறேன்.

அவர் பதினாறு வயதில் கிளீனராக ஏறியவர். ஏறியவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். சத்தியமங்கலத்துக்கு மேலே திம்பம் மலையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். லோடு வண்டி முக்கி முனகி ஏறும்போது கிளீனர் கீழே இறங்கிக் கையில் கட்டையோடு பின்சக்கரத்தை ஒட்டியே நடக்க வேண்டும். வண்டி திணறி நின்று பின்னால் உருள ஆரம்பித்தால் சக்கரத்துக்குக் கீழே கட்டையைச் சொருக வேண்டும். ஆக மாமா திம்பத்தை நடந்தே ஏறினார், லாரியும் கூட வந்தது. அப்புறம் ராத்திரி ரோட்டோரம் ஸ்டவ்வைப் பம்ப் அடித்துப் புழுங்கலரிசிச் சோறு ஆக்கி, டிரைவருக்குப் போட்டு, பாத்திரம் கழுவி, தார்ப்பாய் கயிறு தளர்ந்திருக்கிறதா என்று ஏறிப் பார்த்துவிட்டு லோடு மேலேயே படுத்துக்கொள்வது. ஸ்டீரிங்கைத் தொடவே நாலைந்து வருடம் ஆயிற்று.

இந்தியா முழுக்கச் சுற்றியவர் என்று அவரிடம் ஊர் விசேஷம் கேட்டுவிடாதீர்கள். ஆக்ரா என்றால், “வெயிலு நெம்ப. டீசல் டேங்க் அங்கதான் ஒழுகுச்சு.” தாஜ்மகால்? “அது டவுனுக்குள்ள கண்ணு. ஹெவி வண்டிய விடமாட்டான்.” நாக்பூரில் ஆரஞ்சு தெரியாது, ஸ்பிரிங் பட்டறை தெரியும். காசியிலிருந்து கன்னியாகுமரிக்கு வரும் பழைய ஏழாம் நம்பர் ரோடு, மொத்தம் 2,369 கிலோமீட்டர், நாமக்கல் வழியாகத்தான் போகும். அதை அவர் மனப்பாடமாகச் சொல்வார். ஆனால் அது ஏற்றம், இறக்கம், பாலம், செக்போஸ்ட், தண்ணீர் கிடைக்கும் இடம் என்றே இருக்கும். கங்கை அவரைப் பொறுத்தவரை ரேடியேட்டருக்கு நல்ல தண்ணீர். அந்த ரோட்டின் தென்பாதி இப்போது நாற்பத்துநாலாம் நம்பர் ரோட்டில் சேர்ந்துவிட்டது. இதைச் சொன்னபோது, சொந்த மகன் பேரை மாற்றிக்கொண்டு வந்து நின்ற மாதிரி என்னைப் பார்த்தார்.

இந்தியும் அப்படித்தான். எங்கள் ஊர் வங்கிக்கு வடக்கத்தி அதிகாரி ஒருவர் மாற்றலாகி வந்தார். கவுண்டரில் நிற்பவர்களுக்கும் அவருக்கும் பேச்சு ஓடவில்லை. “நம்ம டிரைவருக்கு இந்தி தெரியும்” என்று மாமாவை அழைத்துப் போனார்கள். வெள்ளை வேட்டியில் கம்பீரமாகப் போய் நின்றார். அதிகாரி மகிழ்ந்துபோய் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஏதோ நீளமாகக் கேட்டார். மாமா கையை ஆட்டி, “ஆகே ஆவ்... ஆகே ஆவ்... தோடா பாயே... பஸ், பஸ்!” என்றார். அதிகாரியின் நாற்காலி மேஜைக்கு நேராக, கச்சிதமாக வந்து நின்றது. மாமாவின் இந்தி அத்தோடு தீர்ந்தது.

புது லாரி ஒன்றைப் போன மாதம் பார்க்கப் போனார். பேரனின் சிநேகிதன் வாங்கியது. நானும் கூடப் போனேன். 2025-ல் நடைமுறைக்கு வந்த விதிப்படி புதிதாகத் தயாராகும் பெரிய லாரிகளுக்கெல்லாம் கேபினில் ஏசி கட்டாயம். அவர் ஓட்டிய கேபினில் எஞ்சின் மூடிமேல் சோற்றுப் பாத்திரத்தை வைத்தால் சாயங்காலம் வரை ஆறாது. ஆளும் ஆற மாட்டார். புது வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் திடுக்கிட்டார். “எஞ்சின் ஓடுதா?” ஓடிக்கொண்டிருந்தது. டீசல் மூடிக்குப் பக்கத்தில் நீலமாக இன்னொரு மூடி. அது எதற்கென்று கேட்டார். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புகையைச் சுத்தம் செய்ய யூரியாக் கரைசல் ஊற்றுகிறார்கள், அது தீர்ந்தால் வண்டி முரண்டு பிடிக்கும் என்றான் பையன். “நெல்லுக்குப் போட யூரியா கெடைக்காம அவனவன் சொசைட்டில நிக்கறான். இது குடிக்குதா?” செக்போஸ்ட் பற்றியும் விசாரித்தார். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததோடு வரிச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள், சுங்கச்சாவடியிலும் பாஸ்டேக் வந்த பிறகு நிற்க வேண்டியதில்லை என்றேன். மாமா வெகுநேரம் யோசித்தார். “செக்போஸ்ட்டுல நிக்கறப்பத்தான கண்ணு தூங்குவோம்? எங்கயுமே நிக்க வேண்டியதில்லீன்னா அவன் எப்பத்தான் ஒண்ணுக்குப் போவான்?”

பழைய வண்டி மாதிரி வருமா என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். இறங்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் படியிலேயே நின்றார். முதுகுத்தண்டில் இரண்டு வட்டு தேய்ந்திருப்பதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். இவ்வளவு புகழ்கிற லாரியில் அவர் தன் இரண்டு மகன்களில் ஒருவனைக்கூட ஏற்றியதில்லை. பெரியவன் பள்ளிக்கூட லீவில் ஒருதரம் ஆசைப்பட்டு ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்ததற்கு, கியரைக் கடிக்க வைத்ததற்கு விழும் அதே துண்டடி விழுந்ததாம். ஒருவன் இப்போது என்ஜினீயர், இன்னொருவன் வாத்தியார். ஏன் மாமா என்று ஒருதரம் கேட்டேன். இடது காதில் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது, பதில் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை என் காரை வீட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். காரில் பின்கேமரா இருக்கிறது. அதற்குள் மாமா தெருவைத் தாண்டி வந்து பின்னால் நின்றுவிட்டார். பின்பக்கத்தை உள்ளங்கையால் தட்டித் தட்டி, “வரட்டும், வரட்டும்... ஒடி, அக்கட்ட ஒடி... நேர் பண்ணு... வரட்டும்... நிறுத்து!” நிறுத்தினேன். இறங்கிப் பார்த்தால் காருக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கல்யாணப் பந்தி போடலாம்.

“மாமா, இன்னும் எட்டடி இருக்குதே?”

“கம்பி லோடு வெளிய நீட்டிக்கிட்டு இருக்குமில்ல கண்ணு, அதுக்கு எடம் வேண்டாமா?”

பெரியவர் சொல்லைத் தட்ட மனம் வரவில்லை. காரை அப்படியே விட்டேன். முன்பாதி தெருவில் நின்றதால் ராத்திரி கேட்டைச் சாத்த முடியவில்லை. விடியற்காலை நாலேகாலுக்கு ‘டப்... டப்’ என்று இரண்டே சத்தம். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே மாமாவின் குரல்: “முன்னால எடது பக்கம் காத்துக் கம்மி.”

பெட்ரோல் பங்க்கில் போய்ப் பிடித்துப் பார்த்தேன். கம்மியாகத்தான் இருந்தது.