பஞ்சாரத்துப் பதில்கள்

கே: சிறுவிடையில் பத்துப் பெட்டை, ஒரு சேவல் வைத்திருக்கிறேன். மூன்றாம் தலைமுறைக் குஞ்சுகள் நோஞ்சானாக வருகின்றன. தீவனத்தை மாற்றட்டுமா? (தாராபுரம்)

ப: சேவலை மாற்றுங்கள். கொல்லையில் பதினொரு உருப்படி மேய்கிறது என்று நினைக்கிறீர்கள். மரபுக் கணக்கில் நாலுகூடத் தேறாது. சேவலையும் பெட்டையையும் பெருக்கி, மறுபடி நாலால் பெருக்கி, மொத்தத் தலையால் வகுத்துப் பாருங்கள்: 3.6. எல்லாக் குஞ்சுக்கும் அப்பன் அவனே, அடுத்த ஈட்டில் தாத்தாவும் அவனே. நாலு சேவல் என்றால் அதே கணக்கு 11-ஐத் தாண்டும். நாலையும் ஒன்றாக விட்டால் கணக்கு தேறும், கொண்டை தேறாது. இரண்டு மூன்று பெட்டையோடு தனித்தனி அடைப்பில் பிரியுங்கள். வருஷா வருஷம் மகள்கள் தாய்வீட்டிலேயே இருக்கட்டும், மகன் மட்டும் அடுத்த அடைப்புக்குப் போகட்டும். வீட்டோடு மாப்பிள்ளை முறைதான். பழைய மாப்பிள்ளையை என்ன செய்வது என்று கேட்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருக்கிறதே!

கே: புதுச் சேவல் வந்து நாலு நாள் ஆகிறது. அடைக்கு முட்டை எடுக்கலாமா?

ப: எடுக்கலாம். குஞ்சு பழையவன் ஜாடையில் பொரித்தால் பெட்டையைக் கோபிக்காதீர்கள். ஒருமுறை சேர்ந்த விந்தை இரண்டு வாரத்துக்குக் குறையாமல் உள்ளே சேமித்து வைக்கும் ஜாதி அது. மூன்று வாரம் பொறுங்கள், அதுவரை ஆம்லெட்.

கே: கருங்கோழியின் முட்டையும் கருப்பா?

ப: வெளிர்பழுப்பு. எலும்புவரை கருப்பேறிய கடக்நாத், ஜாபுவா பக்கத்துப் பறவை. 2018-ல் புவிசார் குறியீடு வாங்கிவிட்டது. அடைகாக்கும் பொறுமையைத்தான் வாங்கவில்லை. அதன் முட்டையைச் சிறுவிடைக்கு அடியில் வையுங்கள்; யார் முட்டை என்று விசாரிக்காமல் 21 நாள் உட்காரும்.

கே: தாத்தா காலத்தில் நாட்டுக்கோழிக்குத் தடுப்பூசி போட்டார்களா என்ன?

ப: இல்லை. வெள்ளைக்கழிச்சல் வந்த வருஷம் பஞ்சாரத்தைப் பரணில் ஏற்றிவிட்டு, மறுவருஷம் மாமனார் வீட்டில் ஒரு ஜோடி கேட்டு வாங்கி வந்தார். அன்று ஊரெல்லாம் அதே கோழி. உங்களுடையது அரிய இனம். எந்த மாமனாரிடம் போய் நிற்பீர்கள்? முதல் வாரம் கண்ணில் லசோட்டா சொட்டு, எட்டாம் வாரம் ஆர்2பி ஊசி.

கே: அருமையான விசிறிவால் சேவல். சளியில் கிடந்து மருந்தில் பிழைத்தது. இனத்துக்கு விடலாமா? (திண்டுக்கல்)

ப: கூடாது. தேறிய பிறகும் உடம்பில் தங்கி, முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும் சளிநோய் உண்டு. அதோடு, மருந்தில் பிழைத்ததையே அடைக்கு விட்டுக்கொண்டிருந்தால் நாலைந்து ஈட்டில் உங்களிடம் இருப்பது மருந்துக்குப் பழகிய கோழிதான். அழகுக்கு மயங்கி நானும் ஒரு சேவலை விட்டுவைத்தேன். வாலெல்லாம் வந்தது, குஞ்சுதான் நிற்கவில்லை.

கே: ஒரு குஞ்சுக்குக் கழுத்தில் இறகே இல்லை. வியாதியா?

ப: விசிறி! பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும் அந்தக் குணம். சித்திரை வெயிலில் மற்றவை வாய் பிளந்து நிற்கும்போது இது குப்பையைக் கிளறிக்கொண்டிருக்கும்.