அக்கம்பக்கத்து அருமை

கேள்வி: திருப்பூருக்குப் பனியன். சுற்றியுள்ள ஊர்களுக்கு என்ன இருக்கிறது? – ஒரு வாசகர், பல்லடம்

பதில்: பல்லடத்தில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கலாமா! ஊத்துக்குளிக்கு வெண்ணெய், அனுப்பர்பாளையத்துக்குப் பாத்திரம், காங்கேயத்துக்குக் காளை. (பனியன் போடாத ஒரே உள்ளூர்ப் பிரபலம்.)

திருமுருகன்பூண்டி இன்று சிற்பிகளின் ஊர். ஆனால் அங்கேதான் சிவபெருமான் தம் பூதகணங்களை வேடர்களாக அனுப்பி, சுந்தரரின் பொன்னைப் பறித்தாராம். அதே சுந்தரர், பக்கத்து அவிநாசியில் முதலை விழுங்கிய பிள்ளையை மீட்டிருக்கிறார். ஓர் ஊரில் பறிகொடுத்தவர், அடுத்த ஊரில் மீட்டுக் கொடுத்தார்!

மாவட்டம் பிறந்தது 2009-ல்தான்; ஊர்களுக்குள் கொடுக்கல் வாங்கல் பழையது. 1932-ல் திருப்பூரில் கொடியை விடாமல் அடிபட்டு உயிர்விட்ட குமரனே சென்னிமலைக்காரர்தான்.