பத்தாயிரம் அடி அண்ணை

திருகோணமலை டச்பே கரையோரம் விடியற்காலை ஐந்தரை மணிக்கு இரண்டு வெள்ளைச் சப்பாத்துகள் மட்டும் இருட்டில் நடந்து வந்தால் பயப்படாதீர்கள். கிட்ட வந்ததும் அவற்றுக்கு மேலே ‘வோக்கிங் அண்ணை’ இருப்பது தெரியும். கச்சேரியில் முப்பது வருடம் கதிரையை விட்டு எழும்பாமல் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். சப்பாத்து, கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. மணல் பட்டால் பழுதாகிவிடுமாம். அதனால் கடற்கரைக்கு வந்தும் தார் றோட்டிலேயேதான் நடை.

அவரை வீட்டிலிருந்து கிளப்பியது கிளினிக் கொப்பி. சுகர் பார்க்கும் நாளுக்கு முந்தின கிழமை, சோதனைக்கு முதல்நாள் புத்தகம் திறந்த பொடியனைப் போல, ஓட்டமும் நடையுமாய்த் திரிவார். “குறைஞ்சிருக்கு” என்று டொக்டர் சொன்னால் அன்றைக்கே இரண்டு மட்டன் ரோல்ஸ்.

வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அண்ணைக்கு அது செவ்வாய்க்கிழமையே முடிந்துவிடும். பாரை மீனுக்கு விலை பேசி நின்ற நேரமும் அந்தக் கணக்கில் அடக்கம்.

கை மணிக்கூடு அடி எண்ணும். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரோடு பரவிய கணக்கு என்று சொல்லிப் பார்த்தேன்.

“தம்பி, ஜப்பான்காரன் பிழையா எண்ணுவானோ?”

இரவில் ஐந்நூறு அடி குறைந்தால் ரீவிக்கு முன்னால் சாய்ந்திருந்தபடி கையை ஆட்டி நிரப்பிவிடுவார்.

வெள்ளிக்கிழமைகளில் பிரட்ரிக் கோட்டைக்குள்ளால் கோணேசர் கோயிலுக்கு ஏறுவார். புண்ணியத்துக்குப் புண்ணியம், அடிக்கு அடி. கோட்டைக்குள் படுத்திருக்கும் புள்ளிமான்கள் அவருடைய வேகத்தைப் பார்த்து அசைபோடுவதைக்கூட நிறுத்துவதில்லை.

வெருட்டித் தொடங்கி வைத்தது நிலைக்காது, தானாக விரும்பிச் செய்வதே நீடிக்கும் என்பது அமெரிக்க உளவியலாளர்கள் டெசியும் ரயனும் ஆராய்ந்து சொன்னதன் சாரம். அண்ணை விரும்புவது எதை என்று அறிய, நடை முடிகிற பிளேன்ரீக் கடை வாங்கிலுக்குப் போகவேண்டும். அங்கே ஓய்வுபெற்ற அதிபர், தபால்காரர், துறைமுகக் கிளாக்கர் என்று நாலு பேர். நடை அரை மணித்தியாலம் என்றால் கதை ஒன்றரை மணித்தியாலம். யாருடைய காணி விலைப்பட்டது, யாருடைய மகளுக்கு லண்டன் சம்பந்தம், எல்லாம் ஏழரை மணிக்குள் தீர்ந்துவிடும்.

மார்கழி மழை கொட்டிய ஒரு காலை, அண்ணை குடையோடு போவதைக் கண்டேன். சப்பாத்து பொலித்தீன் பையில், காலில் செருப்பு.

“அண்ணை, சுகர்தான் இறங்கிட்டுதே, இந்த மழைக்குள்ள ஏன்?”

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“நான் போகாட்டி, அவங்கள் இண்டைக்கு என்னைப் பற்றியெல்லோ கதைப்பாங்கள்!”