சோப்புல பங்கு, ஓடிபில பங்கு இல்ல

ஏலேய் பேராண்டி, வேளச்சேரியில நாலு பயலுவளோட சேந்து ரூம் எடுத்திருக்கியாம்லா. சந்தோசம். உன் சட்டைய மாட்டிட்டு ஒருத்தன் இன்டர்வியூவுக்குப் போறான், அவன் செருப்ப மாட்டிட்டு நீ தியேட்டருக்குப் போற. பொதுவுடைமைன்னா இதுல்லா! ஒண்ணு மட்டும் கேக்கேன்: ஏடிஎம் பின் நம்பர பிரிட்ஜ் கதவுல எழுதி ஒட்டிட்டியா, இல்ல இனிமேதானா?

கோவப்படாத. குளிச்சிட்டு இருக்கும்போதே, "என் போன்ல இருந்தே அனுப்பிருடா, பின்னு நான் பொறந்த வருசம்தான்"னு கத்துவியாமே. தெருவுக்கே கேட்டிருக்கும்.

போன் கைரேகைக்குத்தான் தொறக்குதுன்னு பெருமை வேற. நீ தூங்குனா இடி விழுந்தாலும் முழிக்க மாட்ட. உன் விரல எடுத்து போன்ல வைக்க எவ்வளவு நேரமாவும்? ராத்திரிக்கு நம்பர் பூட்டே போதும்லே. பூட்டுன போன்லயும் ஓடிபி பல்ல இளிச்சிட்டு நிக்கும். அது வெளிய தெரியாம செட்டிங்ஸ்ல மறைச்சு வை. சிம்ம உருவி வேற போன்ல போட்டா ஓடிபி அங்க போயிரும். அதனால சிம்முக்கும் தனியா ஒரு பின் போடு. வாட்ஸப்புல 'லிங்க்டு டிவைசஸ்'னு ஒரு இடம் இருக்கு, போயிப் பாரு. எவன் லேப்டாப்புல உன் காதல் கதை தொடரா ஓடுதோ!

ஹவுஸ் ஓனர் ஒரு ஆதார் ஜெராக்ஸ் கேட்டா நீ அஞ்சு எடுப்ப. மிச்ச நாலுல பஜ்ஜி எண்ணெய் பிழிவானுவ. முதல் எட்டு இலக்கத்த மறைச்சு, கடைசி நாலு மட்டும் தெரியுற ஆதார் இருக்கு, அதக் குடு. ஆதார் கைரேகையையும் பூட்டி வைக்கலாம். உன் பேருல எத்தனை சிம் ஓடுதுன்னு அரசாங்கத்தோட 'சஞ்சார் சாத்தி' தளத்துல பாத்துக்க.

"மச்சான், உன் பேங்க் கணக்க ஒரு மாசம் குடு, கமிசன் தாரேன்"னு எவனாவது வருவான். திருட்டுப் பணம் அவனுக்கு, போலீஸ் உனக்கு.

கூட இருக்குறவன் எல்லாரும் தங்கக் கம்பிதான், நான் இல்லங்கல. அவன் கூட்டிட்டு வந்து பாயில படுக்க வைக்கிற கூட்டாளி யாருன்னு தெரியுமாலே?

பின் நம்பரக் கேட்டு வாங்குறவன் சிநேகிதன் இல்ல. சொல்லாட்டி முறைக்கிறவன் சிநேகிதனே இல்ல. அப்படியும் பணம் போச்சுன்னா எனக்கு அடிச்சு அழாத. மொதல்ல சைபர் மோசடி உதவி நம்பர் 1930க்கு அடி.