டென்ட்டுக்கார மாப்ள

வீரபாண்டியில் தெருவுக்கு ஒரு டென்ட்டுக்காரர் உண்டு. எங்கள் தெருக்காரர் எனக்கு மாப்பிள்ளை முறை. தொழில் தென்னந்தோப்பு, வியாதி மலை. இந்தப் பக்கம் போடி மலை, அந்தப் பக்கம் மேகமலை. இரண்டும் சும்மா நிற்பதை அவரால் பொறுக்க முடிவதில்லை. "இந்தா இருக்கு, ஒருநா மேல போய்ப் படுக்கணும் மாமா" என்பார் டீக்கடை பெஞ்சில். டீ ஆறிப்போகும், மலை இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆன்லைனில் வாங்கிய டென்ட் வந்த அன்று பையை விட்டு வெளியே வர இரண்டு நிமிஷம் ஆனது. திரும்பப் பைக்குள் போக மூன்று நாள். குடும்பமே உட்கார்ந்து உருட்டியது, மடித்தது, ஏறி மிதித்தது. கடைசியில் அவருடைய ஆத்தா ஒரு புளிச் சாக்கில் திணித்துக் கட்டினார். இன்றுவரை அதுதான் உறை. டென்ட்டைப் பிரித்தால் புளி வாசனைதான் முதலில் வரும்.

ஒத்திகை மொட்டை மாடியில். மாசம் ஆடி. கம்பம் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்றைத் தெரிந்தவர்கள் மாடியில் துண்டுகூடக் காயப்போட மாட்டார்கள். தேனிப் பக்கம் காற்றாலைக்காரர்கள் வந்து இறங்கியது சும்மாவா? நாலு மூலைக்கும் செங்கல் வைத்துவிட்டு மாப்பிள்ளை சாப்பிடக் கீழே இறங்கினார். திரும்பி வந்தபோது செங்கல் இருந்தது. டென்ட், பக்கத்துத் தோப்புத் தென்னையில். தேங்காய் பறிக்கிறவர்தான் ஏறி இறக்கினார். கூலியில் ஒரு ரூபாய் குறைக்கவில்லை. "குலையோ கூடாரமோ, ஏறுனா ஏறுனதுதாண்ணே."

மாப்பிள்ளையின் கணக்கில் காடு என்பது ஊர்ப் பொது மந்தை. எங்கே வேண்டுமானாலும் துண்டை விரிக்கலாம். 2021இல் மேகமலை புலிகள் காப்பகமான செய்தியை அவர் சொந்தப் பங்காளிச் சண்டை மாதிரி எடுத்துக்கொண்டார். "புலிக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்துட்டாங்ங." 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது. இணையத்தில் பதிவு, கூடவே வழிகாட்டி, பகலில் போய்ப் பகலில் திரும்ப வேண்டும். 'பகலில் திரும்ப வேண்டும்' என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. உடனே அதை மறைத்துக்கொண்டு, "ராத்திரி தங்காம என்னங்க மாமா மலை?" என்று சலித்துக்கொண்டார்.

யானை எதிரே வந்தால் என்ன செய்வது என்று பல வருஷமாக எங்களுக்கெல்லாம் வகுப்பெடுத்தவர் அவர். 2023 மே மாசம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் டவுனுக்குள்ளேயே நடந்து வந்து, அங்கே 144 போட்டார்கள். கம்பத்துக்கும் வீரபாண்டிக்கும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். யானையைப் பிடித்து லாரியில் ஏற்றும்வரை மாப்பிள்ளை தோப்புக்குத் தண்ணீர் பாய்ச்சக்கூடப் போகவில்லை. கேட்டால் மோட்டார் ரிப்பேர் என்றார்.

குரங்கணி என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வார். 2018 மார்ச்சில் அங்கே பிடித்த காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அன்று ராத்திரி எங்கள் ஊரில் யாரும் மலை பக்கம் பார்த்துப் பேசவில்லை. அதை இங்கே எழுதவும் கை வரவில்லை. நிற்க.

ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை மலையில் படுத்தார். கொழுக்குமலை. மலை நம்ம தேனி மாவட்டத்தில்தான்; வண்டிப் பாதை மட்டும் கேரளா வழி. போடிமெட்டு ஏறி, சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப்பில் எலும்பு எண்ணிக்கொண்டே மேலே. புளிச் சாக்கும் கூடவே போனது. அதை விரிக்க இடம் தரவில்லை. தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு வரிசையாகப் போட்டிருந்த வாடகை டென்ட்டில் ஒன்றைக் காட்டினார்கள். விடிய விடியப் பல் நடுங்கியது. இருட்டோடு எழுப்பி, சூரியன் உதிப்பதைப் பார்க்க நிறுத்தினார்கள். கீழே ஒரே மேகம். மேகம் கொஞ்சம் விலகியதும் மாப்பிள்ளை கத்தினாராம்: "அந்தா தெரியுது பாருங்க, நம்ம போடி! அதுக்கு அங்கிட்டு நம்ம வீரபாண்டி!" ஆயிரக்கணக்கில் செலவழித்து, சொந்த ஊரைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். படம் எடுத்திருக்கிறார். வெறும் பனி. அதில் ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது நம்ம கோயில்" என்பார். நாங்களும் கன்னத்தில் போட்டுக்கொள்வோம்.

போன சித்திரையில்தான் அந்த டென்ட்டுக்கு வேலை வந்தது. கௌமாரியம்மன் திருவிழா எட்டு நாளும் வீரபாண்டியில் யார் வீட்டிலும் கால் நீட்ட இடம் இருக்காது. முல்லையாற்றில் குளித்துவிட்டு, கோயில் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, சனம் கரையிலும் தோப்பிலும் கிடைத்த இடத்தில் முந்தானையை விரித்துப் படுத்துவிடும். மாப்பிள்ளை வீட்டில் உத்தமபாளையம் சொந்தம் மட்டும் பதினேழு பேர். மாடியில் டென்ட்டை நிறுத்தி, "சித்தி, நீங்க உள்ள படுங்க" என்றார் பெருமையாக. உள்ளே போன சித்தி ஜிப்பை இழுத்த வேகத்திலேயே திறந்துகொண்டு வெளியே வந்தார். "ஏப்பா, இட்லிச் சட்டிக்குள்ளயா படுக்கச் சொல்ற?"

நடுராத்திரி கோடை மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே ஓடினோம். நேர்த்திக்கடன் கிடா மட்டும் மாடிப்படி ஓரத்தில் நனைந்துகொண்டு நின்றது. ஆத்தா அதை இழுத்து டென்ட்டுக்குள் விட்டு ஜிப்பைப் போட்டார்.

விடிந்து போய்ப் பார்த்தால் கிடா காய்ந்த உடம்போடு திவ்யமாகப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. டென்ட்டுக் கயிறு நாலில் மூன்றைக் காணோம்.