மீன் வாயில் ஒரு காசு

"விதைக் காணிக்கை போடுங்கள், நூறு மடங்காய் அறுப்பீர்கள்!" என்று டி.வி.யில் பிரசங்கியார் முழங்குகிறார். பழவேற்காட்டில் வலைக் கிழிசலை முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பவருக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் இப்படித்தான் வளர்கிறது. அறுவடை மட்டும் வியாபாரிக்கு.

மத்தேயு 17-இல் ஆலய வரி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். பேதுருவைத் தூண்டில் போடச் சொல்கிறார் இயேசு. வலைக்காரனிடம் போய்த் தூண்டில்! முதல் மீனின் வாயில் ஒரு காசு. இரண்டு பேர் வரிக்குச் சரியாகப் போயிற்று, டீ குடிக்கக்கூட மிச்சமில்லை. செழிப்புப் பிரசங்கங்களில் இந்த மீன் ஏனோ சிக்குவதே இல்லை.

1613-இல் பழவேற்காட்டில் கெல்திரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்களும் வேதம் வாசித்தவர்கள்தாம். நாணயம் அடித்தார்கள், துணிமூட்டையோடு மனிதர்களையும் கப்பலேற்றி விற்றார்கள். இன்று அவர்கள் கல்லறைத் தோட்டத்து வாசலில் கல் எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. நல்ல வாட்ச்மேன்கள், இதுவரை சம்பளம் கேட்டதில்லை.

பழவேற்காடு ஏரி மீனவர்களோ இறால் கிடைக்கும் நல்ல இடத்தை யாரும் பட்டா போட்டுக்கொள்ளாதபடி 'பாடு' முறை வைத்திருக்கிறார்கள். யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்று ஊர் கூடி முடிவாகும். பங்கில்லாதவர்களின் மனக்குறை தனிக்கதை. ஆனாலும் சபையின் காணிக்கைக் கணக்கைப் பார்க்க இந்த ஊர்க்கூட்டத்தை ஒரு ஞாயிறு அழைக்கலாமே என்று தோன்றுகிறது. பொருளாளர்தான் அன்றைக்கு வெளியூர் போயிருப்பார்.