பழைய புத்தகம், புதிய மருந்து

கேள்வி: எல்லாம் கைப்பேசியிலேயே கிடைக்கிறதே, தோட்டாவுக்கு மருந்து நிரப்பும் கணக்குச் சொல்லும் பழைய புத்தகங்களால் இனி என்ன பயன்? (ஒரு வாசகர், வெள்ளாங்குளம்)

பதில்: வாசிக்க நல்லவை ஐயா, செய்து பார்க்க ஆகாதவை. உரிமம் இல்லாமல் வெடிமருந்தைத் தொட்டால் இலங்கையின் 1956ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் உங்களை வாசிக்கத் தொடங்கிவிடும். ஆனால் பழசு என்பதற்காகவே எறிந்துவிடலாமா? இலங்கையில் யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் தம் பெரிய துவக்கைப் பற்றி எழுதும்போது 16 டிராம் மருந்து என்பதோடு நிற்கவில்லை. துவக்கின் எடை 21 இறாத்தல், குழல் 36 அங்குலம், சன்னம் 3 அவுன்ஸ் என்று எல்லாவற்றையும் சேர்த்தே சொன்னார். அது கறுப்பு மருந்தின் காலம். புகையற்ற மருந்தை பிரான்சில் போல் வியேய் உருவாக்கியது 1884இல்தான். கைப்பேசியில் வலம் வரும் துணுக்கில் 16 என்ற எண் மட்டும் மிஞ்சும். துவக்கும் காலமும் உதிர்ந்துவிடும். அதே எடைக்குப் புது மருந்தை இட்டால் குழல் வெடிக்கும், யானை பிழைக்கும்.

புதிய அட்டவணைதானே பாதுகாப்பு என்பீர்கள். அளவுக்கு அதுவேதான், அதில் விவாதமில்லை. இன்று மருந்து எரியும்போது எழும் அழுத்தத்தை மின்னணுக் கருவியால் அளக்கிறார்கள். முன்பு செப்பு உருளை நசுங்கிய அளவைப் பார்த்தார்கள். ஆனால் புதிய அட்டவணையில் ஓர் அளவு குறைந்திருந்தால், அது ஏன் குறைந்தது, மருந்து மாறியதா, அளவுகோல் மாறியதா என்று அறியப் பழைய பதிப்பும் பக்கத்தில் வேண்டும். இணையப் பக்கம் நேற்றைய எண்ணைச் சத்தமில்லாமல் அழித்துவிடும். அச்சுப் புத்தகத்துக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது.